நான் 'நோ'தான் அமுத்தினேன்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

யாங்கோனில் இப்போது மின்சாரம் இருக்கிறது. நான் பேசி முடிக்கும்வரை அது இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் என் முகம் திரையில் உறைந்துபோனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கைபேசி வழியாகத் திரும்பி வந்துவிடுவேன்.

சிறுகதையில் உரையாடல் எழுதுவது பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள். வேறொரு உரையாடலைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். ஒரு கேள்வி கேட்கும். இரண்டு பொத்தான்களை நீட்டும். பதில் சொல்லாமல் நம்மை நகரவிடாது. ஆங்கிலத்தில் டயலாக் பாக்ஸ் என்கிறார்கள், தமிழில் உரையாடல் பெட்டி. அதற்குள் இருக்கும் ஒரு வரியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். படிக்கிறவர் அவசரத்தில் இருப்பார். எழுதியவர் பக்கத்தில் இருக்கமாட்டார். அந்த ஒரு வரியை எழுதி, அதன் பதிலைக் கேட்காமல் போன ஒருத்தியாகத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் என் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஷ்வேப்யிதா, யாங்கோன் நகரத்தின் வடக்கு ஓரம். 'ஷ்வே' என்றால் பொன். பொன் பெயரில் மட்டும்தான். நகருக்குள் இருந்த ஏழை ஜனங்களைக் கொண்டுவந்து குடியமர்த்த 1980களின் கடைசியில் உண்டான புதுநகரங்களில் இதுவும் ஒன்று. பிறகு தொழிற்பேட்டை வந்தது, தையல் ஆலைகள் வந்தன. எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழி. 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது இங்கிருந்த தமிழ்ப் பள்ளிகளும் போய்விட்டன. அதற்குப் பிறகு வந்த நாங்கள் தமிழ் எழுத்தைக் கோயிலிலோ தேவாலயத்திலோதான் கற்றுக்கொண்டோம். நான் கற்றது ஞாயிறு பள்ளியில். நர்சிங் டிப்ளமா படித்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இங்கே நோயாளிகள் நர்ஸை 'ஸயாமா' என்பார்கள். ஆசிரியைக்கும் அதே சொல்தான்.

அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய இலவச மருந்தகத்தில் வாரம் இரண்டு நாள் வேலை செய்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்கு 28 நாளைக்கு ஒரு முறை மாத்திரை கொடுப்போம். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்ததை ஒரு பழைய மடிக்கணினியில் எக்செல்லுக்கு மாற்றினேன். இரவுப் பணியில் காணொளிகளைப் பார்த்து மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டேன். முன்மேசையில் நோயாளியின் எண்ணைத் தட்டினால், உள்ளறையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் அச்சுப்பொறியில் மருந்துச் சீட்டு வரும். 28 நாளுக்குள் அதே எண் மறுபடி வந்தால் ஒரு பெட்டி தோன்றும். 'டூப்ளிகேட் என்ட்ரி. கன்டின்யூ?' என்று கேட்கும். கீழே 'எஸ்', 'நோ' என்று இரண்டு பொத்தான்கள்.

ஒரு நாள் ஒரு பாட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள மட்டும் வந்தார். பத்து நாளைக்கு முன்தான் மாத்திரை வாங்கிப்போயிருந்தார். முன்மேசையில் இருந்த பெண், தொண்டாக வந்து உதவும் தமிழ்ப்பெண், வயது இருபதுக்கு மேல் இருக்காது, எண்ணைத் தட்டினாள். பெட்டி வந்தது. பொத்தானை அமுக்கினாள். உள்ளே சீட்டு அச்சாகி வந்தது. ஜன்னலில் இருந்தவர் மாத்திரையைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அந்த மாதம் வந்திருந்தது வேறு கம்பெனி மாத்திரை, அட்டையின் நிறம் வேறு. பாட்டி புது மருந்து என்று நினைத்துக்கொண்டு மறுநாள் காலை இரண்டு அட்டையிலிருந்தும் எடுத்து விழுங்கியிருக்கிறார். கிளிபென்கிளமைடு, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிய நிலையில் பேரன் தூக்கிக்கொண்டு வந்தான். சர்க்கரை 48. குளுக்கோஸ் கொடுத்ததும் தெளிந்தார். ஆனால் அந்த மாத்திரையின் வேகம் நீண்ட நேரம் நிற்கும், ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கிவிடும். அதனால் ஓர் இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கொரு முறை பார்த்தோம். பாட்டி பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பெட்டி வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"படிச்சியா?"

"படிச்சேன். நான் 'நோ'தான் அமுத்தினேன் அக்கா."

நான் நம்பவில்லை. கணினியில் சீட்டு அச்சான நேரம் பதிவாகியிருந்தது. அதைக் காட்டி, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, நீ சொல்லுவ" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் அழவில்லை. அன்றிலிருந்து கணினிப் பக்கம் வரவில்லை. எடை பார்க்கும் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

என்ன நடந்தது என்று விளக்க, இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லவேண்டும். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் பயப்படவேண்டாம், சமையல் குறிப்பு அளவுக்குத்தான் இருக்கும்.

எக்செல் மேக்ரோவில் பெட்டியைக் காட்ட ஒரே ஒரு கட்டளை போதும். அதற்கு எம்எஸ்ஜி பாக்ஸ் என்று பெயர். அதனிடம் மூன்று விஷயங்களைச் சொல்லவேண்டும்: பெட்டிக்குள் வரவேண்டிய வாசகம், எந்தப் பொத்தான்கள், மேலே பட்டையில் என்ன தலைப்பு. பொத்தான்களை நாமே பெயர் வைத்து உண்டாக்க முடியாது. கொடுத்திருக்கும் சில கூட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: ஓகே மட்டும், ஓகேயும் கேன்சலும், எஸ்ஸும் நோவும், இப்படி. பக்கத்தில் கேள்விக்குறியோ எச்சரிக்கை முக்கோணமோ வைக்கலாம்.

பெட்டி திரையில் இருக்கும்வரை நிரல் அந்த வரியிலேயே காத்து நிற்கும். பயனரும் பின்னால் இருக்கும் தாளைத் தொட முடியாது. இப்படி வழிமறித்து நிற்பதை 'மோடல்' என்கிறார்கள். ஓரமாகத் தோன்றி, நம் வேலையைத் தடுக்காமல் இருப்பது 'மோட்லெஸ்'. வழிமறிப்பது பெரிய உரிமை. வார்டில் ஒரு டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். தேவை இருந்தால் நிறுத்தத்தான் வேண்டும். அடிக்கடி நிறுத்தினால் அடுத்த முறை கையை உதறிவிட்டுப் போய்விடுவார்.

பயனர் பொத்தானை அமுக்கியதும் பெட்டி மறையும், நிரலுக்கு ஒரு எண் திரும்பி வரும். ஓகே என்றால் 1, கேன்சல் 2, அபார்ட் 3, ரீட்ரை 4, இக்னோர் 5, எஸ் 6, நோ 7. கணினிக்கு எஸ்ஸும் தெரியாது நோவும் தெரியாது, 6 தெரியும் 7 தெரியும். திரும்பி வந்த எண் 6தானா என்று பார்த்து அதன்படி நடக்கச் சொல்வது நிரல் எழுதுகிறவரின் பொறுப்பு.

எனக்கு முதலில் கொஞ்சம் பழக்கமானது வலைப்பக்கங்களில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட். அதிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு, கன்ஃபர்ம் என்று பெயர். ஆனால் அது எண்ணைத் தராது. ஓகே அமுக்கினால் 'உண்மை', கேன்சல் அமுக்கினால் 'பொய்' என்று நேராகவே சொல்லிவிடும். ஆகவே அங்கே 'இஃப் கன்ஃபர்ம்' என்று எழுதினாலே போதும். அந்தப் பழக்கத்தில் எக்செல்லிலும் 'இஃப் எம்எஸ்ஜி பாக்ஸ்' என்று எழுதிவிட்டேன். வந்த பதில் 6தானா என்று கேட்கவில்லை.

இங்கேதான் விபரீதம். எக்செல் மேக்ரோவில் 'இஃப்' என்ற இடத்தில் வெறும் எண் வந்து நின்றால், அது பூஜ்யம் என்றால் பொய், பூஜ்யம் அல்லாத எந்த எண்ணும் உண்மை. 6 பூஜ்யம் அல்ல. 7ம் பூஜ்யம் அல்ல. ஆகவே எஸ் அமுக்கினாலும் உண்மை, நோ அமுக்கினாலும் உண்மை. எதை அமுக்கினாலும் சீட்டு அச்சாகும். பிழை என்று எதுவும் திரையில் வராது. நிரல் தன் வேலையைச் சந்தோஷமாகச் செய்துகொண்டே இருக்கும்.

இது எனக்குத் தெரியவந்தது இரண்டு வாரம் கழித்து. அன்று முன்மேசைக்கு ஆள் இல்லை, நானே உட்கார்ந்தேன். ஒரு தாத்தா மருந்து வாங்கும் நாளுக்கு முன்பே வந்திருந்தார். பெட்டி வந்தது. நோ அமுக்கினேன். அடுத்த அறையில் அச்சுப்பொறி ஓடும் சத்தம் கேட்டது.

எழுந்து போய்ச் சீட்டை எடுத்துக் கிழித்தேன். திரும்பி வந்து இன்னொரு முறை செய்து பார்த்தேன். மறுபடியும் ஓடியது. கை சில்லிட்டுப்போயிற்று. நிரலை எழுதிய அன்று நான் சோதித்துப் பார்க்காமல் இல்லை. பத்து முறையாவது பார்த்திருப்பேன். பத்து முறையும் எஸ் மட்டும்தான் அமுக்கியிருக்கிறேன். சீட்டு வருகிறதா என்பதுதானே என் கவலை. வராமல் இருக்கவேண்டிய நேரத்தில் வராமல் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் 'ஆம்', 'இல்லை' பற்றி வரும் வசனத்தைச் சின்ன வயதில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான்.

பிழையைத் திருத்த அரை நிமிடம் ஆனது. ஆனால் திருத்திவிட்டு உட்கார்ந்தபோது அந்தப் பெட்டியில் வேறு பல குற்றங்களும் கண்ணில் பட ஆரம்பித்தன. அவற்றையும் சொல்கிறேன்.

முதல் குற்றம், மொழி. எங்கள் மருந்தகத்தில் எல்லோருக்கும் வாசிக்கத் தெரிந்தது பர்மிய எழுத்து. அப்படியிருக்க, ஏன் ஆங்கிலத்தில் எழுதினேன்? முதலில் பர்மிய மொழியில்தான் எழுதினேன். பெட்டியில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. தமிழில் எழுதிப் பார்த்தேன், அதற்கும் கேள்விக்குறிகள். காரணம் இதுதான். எக்செல்லின் மேக்ரோ எழுதும் இடம் யூனிகோடுக்கு முந்தைய காலத்துப் பழக்கத்தில் இருக்கிறது. விண்டோஸில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 'கோட் பேஜ்' என்று ஒரு பழைய எழுத்துப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இருக்கும் எழுத்தைத்தான் எம்எஸ்ஜி பாக்ஸ் காட்டும், மற்றதெல்லாம் கேள்விக்குறி. ரஷ்ய மொழிக்கும் அரபிக்கும் தாய் மொழிக்கும் அப்படிப்பட்ட பட்டியல் உண்டு. தமிழும் பர்மிய மொழியும் விண்டோஸுக்குள் யூனிகோடு வழியாகவே நுழைந்தவை.

இந்தத் துன்பம் நமக்குப் புதிதில்லை. திஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவோடு திண்டாடிய காலத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. பர்மிய மொழிக்கு 'ஸோஜி' என்று ஒரு எழுத்துரு இருந்தது. யூனிகோடின் இடங்களையே தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துக்கொண்ட எழுத்துரு அது, ஆனால் நாடே அதில்தான் எழுதியது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது.

கேள்விக்குறிக்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மெசேஜ்பாக்ஸ்-டபிள்யூ என்ற கட்டளையை மேக்ரோவிலிருந்து நேராக அழைப்பது. கடைசியில் நிற்கும் அந்த 'டபிள்யூ' யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் வடிவம் என்பதற்கு அடையாளம். இரண்டாவது, யூசர்ஃபார்ம் என்ற படிவத்தில் பெட்டியை நாமே வரைவது. எக்செல் தாளின் ஒரு கட்டத்தில் தமிழிலோ பர்மிய மொழியிலோ வாசகத்தைத் தட்டிவைத்து, அங்கிருந்து எடுத்துப் படிவத்தில் இடச்சொன்னால் எழுத்துகள் ஒழுங்காக வரும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், பொத்தானிலும் நம் சொல்லை எழுதலாம்.

வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்கும் இதே அறிவுரைதான். ஜாவாஸ்கிரிப்டின் கன்ஃபர்ம் பெட்டியில் உங்கள் கேள்வி தமிழில் வரும், ஆனால் பொத்தான்கள் உலாவியின் மொழியில்தான் இருக்கும். இப்போது எச்டிஎம்எல்லில் 'டயலாக்' என்று தனி உறுப்பே இருக்கிறது. 2022இலிருந்து முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அது வேலை செய்கிறது. அதில் பொத்தானின் சொல் உங்கள் கையில்.

இரண்டாவது குற்றம், என் கேள்வி. 'கன்டின்யூ?' என்றால் எதைத் தொடர்வது? பதிவையா, அச்சடிப்பதையா, வேலையையா? நான் கேட்க நினைத்தது, 'இவருக்கு இன்னொரு முறை மாத்திரை கொடுக்கட்டுமா?' என்பது. அதைக் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில் மொழி தெரிந்தவர்களாகிய உங்களிடம் ஒன்றைச் சொல்ல ஆசை. ஆங்கிலத்தின் ஓகே பொத்தானைத் தமிழில் 'சரி' என்கிறோம். கேன்சலை 'ரத்து செய்' என்கிறோம். இப்போது ஒருவர் தன் முன்பதிவை ரத்து செய்யப் போகிறார். பெட்டி கேட்கிறது: 'முன்பதிவை ரத்து செய்யவா?' கீழே இரண்டு பொத்தான்கள்: 'சரி', 'ரத்து செய்'. ரத்து செய்ய விரும்புகிறவர் எதை அமுக்குவார்? இரண்டாவதை அமுக்கினால் ரத்து செய்வதே ரத்தாகிவிடும். இதை எழுதியவரின் தமிழில் குறையில்லை, கேள்வியையும் பொத்தானையும் சேர்த்துப் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்மறைக் கேள்வி இன்னும் ஆபத்து. "மாத்திரை போடலையா?" என்று கேட்டால், போடாதவர் தமிழில் "ஆமா, போடல" என்பார். பர்மிய மொழியிலும் அப்படியே. ஆங்கிலத்தில் அதே ஆள் "நோ" என்பார். ஆகவே 'இன்னும் சேமிக்கவில்லையா?' என்று கேட்டு 'ஆம்', 'இல்லை' பொத்தான்களை வைத்தால், 'ஆம்' எதைச் சொல்கிறது என்று எழுதியவருக்கே குழப்பம் வரும். பெட்டியில் எதிர்மறைக் கேள்வியை வைக்கவே கூடாது என்பது என் தீர்மானம்.

அப்புறம் அந்த 'சரி' என்ற சொல். நம் வீடுகளில் 'சரி' என்பதற்கு எத்தனை அர்த்தம்! ஒப்புக்கொண்டேன் என்பதும் சரி. காதில் விழுந்தது என்பதும் சரி. போதும், ஆளை விடு என்பதும் சரிதான், அதை இரண்டு முறை சொல்வோம். பர்மிய மொழியில் மரியாதையாக ஆமாம் சொல்வது 'ஹோக்கே'. ஸயாமா என்ன சொன்னாலும் நோயாளி 'ஹோக்கே, ஹோக்கே' என்பார். சொல்வதைக் கேட்கிறேன் என்பதற்கும் அதே சொல்தான், அதை நம்பி அனுப்பிவிட்டால் வீட்டுக்குப் போய்க் காலை மாத்திரையை இரவில் போடுவார். அதனால் நர்ஸுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. "புரிந்ததா?" என்று கேட்கமாட்டோம். "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லுங்க" என்போம். கணினியிலும் இதற்கு இணை இருக்கிறது. கிட்ஹப் தளத்தில் ஒரு நிரல் தொகுப்பையே அழிக்கவேண்டுமானால் அதன் பெயரை நாமே தட்டிக் காட்டவேண்டும். 'சரி' மட்டும் போதாது.

பொத்தானின் சொல் மனிதரை எவ்வளவு உலுக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை. ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த நேரம், 1980களின் தொடக்கம். பெட்டியில் 'கேன்சல்' பொத்தானுக்கு இணையாக 'டூ இட்', அதாவது 'செய்' என்று வைத்திருந்தார்கள். லாரி டெஸ்லர் என்பவர் புதியவர்களை உட்காரவைத்துச் சோதித்தார். பலர் தயங்கினார்கள், தவறாகக் கேன்சலை அமுக்கினார்கள். ஒருவர் கோபித்தே போனார். விசாரித்தால், அந்த எழுத்துருவில் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு 'டோல்ட்' என்று தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு மடையன் என்று பொருள். கணினி ஏன் என்னை மடையன் என்கிறது என்பது அவர் கேள்வி. அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஓகே வந்தது. நாம் தினமும் அமுக்கும் ஓகேயின் பின்னால், சோதித்துப் பார்த்து, எதிரில் இருப்பவர் சொன்னதை நம்பிய ஒருவர் இருக்கிறார். 2020இல் மறைந்த டெஸ்லர், வழிமறிக்கும் பெட்டிகளுக்கும் எதிரானவர். 'நோ மோட்ஸ்' என்று தன் காரின் எண் பலகையிலேயே வைத்திருந்தவர்.

மூன்றாவது குற்றம், பழக்கம். என் பெட்டியில் எஸ்தான் முதல் பொத்தான். வேறு சொல்லாவிட்டால் என்டர் விசை முதல் பொத்தானையே அமுக்கும். எண்ணைத் தட்டி என்டர் அடித்துப் பழகிய கை, பெட்டி வந்தாலும் இன்னொரு என்டர் அடித்துவிடும். படிப்பதற்கு முன்பே பதில் போய்விடும். இதற்காகவே 'டிஃபால்ட்பட்டன்2' என்று ஒன்று சேர்த்துக் கொடுக்கலாம், அப்போது என்டர் விசை இரண்டாவது பொத்தானுக்குப் போகும். இன்னொன்று: எஸ்-நோ பெட்டியில் மூலையில் இருக்கும் பெருக்கல் குறி வேலை செய்யாது, எஸ்கேப் விசையும் வேலை செய்யாது. தெரியாமல் மாட்டிக்கொண்டவருக்கு வெளியேற வழி கிடையாது.

பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு என் துறையிலிருந்தே இரண்டு சம்பவங்கள் உண்டு. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் அதனால் இறந்தார்கள். மூல காரணம் நிரலிலும் பாதுகாப்பு அமைப்பிலும் இருந்த பிழை. ஆனால் 1986இல் டெக்சஸ் மாநிலம் டைலர் நகரில், இயந்திரம் ஒரு செய்தியைக் காட்டத்தான் செய்தது. 'மால்ஃபங்ஷன் 54' என்றது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இயந்திரத்தோடு வந்த கையேட்டில் இல்லை. அப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வரும், 'பி' என்ற விசையைத் தட்டினால் வேலை தொடரும். இயக்கியவர் அனுபவசாலி. தட்டினார். அறைக்குள் இருந்த நோயாளிக்கு இரண்டாவது முறையும் கதிர் பாய்ந்தது. 54 என்ற எண்ணுக்குப் பதிலாக 'அளவு தவறு, நோயாளியைப் பாருங்கள்' என்று ஒரு வரி இருந்திருக்கலாம்.

இரண்டாவது 2013 ஜூலையில், சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது. ராபர்ட் வாக்டர் என்ற மருத்துவர் 2015இல் எழுதிய நூலில் இதை விரிவாகச் சொல்கிறார். 16 வயதுப் பையன். கொடுக்கவேண்டியது 160 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. திரையில் அலகு 'ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்' என்று இருந்ததைக் கவனிக்காமல் மருத்துவர் 160 என்று தட்டிவிட்டார். பையனின் எடை 38.6 கிலோ. கணினி பெருக்கியது. முப்பத்தெட்டரை மாத்திரை! எச்சரிக்கைப் பெட்டி வந்தது. மருத்துவரும் மருந்தாளரும் அதை மூடிவிட்டார்கள். தினமும் எத்தனையோ பெட்டிகள் வருகின்றன, பெரும்பாலும் வெற்று எச்சரிக்கைகள். இதுவும் மற்றவற்றைப் போலவே இருந்தது. கடைசியில் நர்ஸ், பையன் கையில் முப்பத்தெட்டரை மாத்திரையைக் கொடுத்தார். அவனுக்கு வலிப்பு வந்தது, பிழைத்துக்கொண்டான். இதைப் படித்தபோது அந்த நர்ஸின் இடத்தில் என்னைத்தான் பார்த்தேன். சின்ன விஷயத்துக்கும் பெரிய விஷயத்துக்கும் ஒரே முகத்தோடு ஒரு பெட்டி வந்தால், பெரிய விஷயமும் சின்னதாகிவிடும்.

ஆகவே இப்போது என் நிரலில் என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். 'சேமித்தாயிற்று', 'அச்சடித்தாயிற்று' போன்ற அறிவிப்புகளுக்குப் பெட்டியே கிடையாது. தாளின் மேல் ஓரத்தில் ஒரு வரியாக வந்து போகும். திருப்பி எடுக்க முடிந்த காரியத்துக்குக் கேள்வி கேட்பதில்லை, திருப்பி எடுக்க வழி வைத்திருக்கிறேன். ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தைச் சில விநாடிகளுக்குள் திரும்ப எடுக்கலாம் அல்லவா, 2009இல் சோதனையாக வந்து 2015இல் நிலைத்த வசதி, அந்த யோசனைதான். விழுங்கிய மாத்திரையைத் திருப்பி எடுக்க முடியாது. அங்கே மட்டும் பெட்டி வழிமறிக்கும்.

அந்தப் பெட்டி இப்போது பர்மிய மொழியில் இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இவர் பத்து நாளைக்கு முன் மாத்திரை வாங்கியிருக்கிறார். அடுத்து வாங்கவேண்டிய தேதி இது. இன்னொரு சீட்டு அச்சிடவா?' பொத்தான்களில் ஆமும் இல்லை, சரியும் இல்லை. 'சீட்டு அச்சிடு' என்று ஒன்று, 'அச்சிடாமல் திரும்பு' என்று ஒன்று. கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் படித்தாலும் என்ன நடக்கும் என்று தெரியும். என்டரும் எஸ்கேப்பும் இரண்டாவது பொத்தானுக்கே போகும். இரண்டாவதை அமுக்கினால், 'சீட்டு அச்சிடப்படவில்லை' என்று மேலே ஒரு வரி வரும். 'உங்கள் பதிலைக் கேட்டேன்' என்று சொல்லும் வரி அது. முன்பே இருந்திருந்தால், அந்தப் பெண் அது வராததைப் பார்த்து உள்ளறைக்கு ஓடியிருப்பாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் திட்டினேன், ஆகவே எல்லோர் முன்னாலும் கேட்டேன். பெட்டியைத் திறந்து, நோ அமுக்கி, அச்சுப்பொறி ஓடுவதைக் காட்டினேன். "நீ சொன்னது உண்மை. பொய் சொன்னது நான் எழுதிய வரி" என்றேன். அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கே நான் சொன்னேன்லக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முன்மேசைக்குத் திரும்பி வந்தாள். இப்போது நான் எழுதும் ஒவ்வொரு பெட்டியையும் முதலில் அவள்தான் படிக்கிறாள். புரியவில்லை என்றால் மாற்றுகிறேன். மேலே நான் சொன்ன 'அச்சிடாமல் திரும்பு' அவள் கொடுத்த சொல்தான். நான் 'கைவிடு' என்று வைத்திருந்தேன். "நோயாளியைக் கைவிடச் சொல்ற மாதிரி இருக்குக்கா" என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் சிங்கப்பூரிலும் டொரொன்டோவிலும் லண்டனிலும் நிரல் எழுதுகிறவர்கள். என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள். உங்கள் பெட்டியின் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பெட்டியை எழுதி முடித்ததும், 'இல்லை' என்ற பொத்தானை அமுக்கிப் பாருங்கள். அமுக்கிவிட்டு, அடுத்த அறையில் ஏதாவது ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

மின்சாரம் போகவில்லை.